மலையேறும் மின்சார சைக்கிள்: எத்தனை பெரிய பேட்டரி வேண்டும்?

மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று நம் சங்க அன்பர்கள் பலர் இப்போது விசாரிக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளை பருமனான டயர் போட்ட மலை சைக்கிள்தான் வேண்டும் என்கிறான். அறுபதைத் தாண்டிய அப்பாவோ முழங்கால் ஒத்துழைத்தால் மீண்டும் சைக்கிள் மிதிக்கலாமே என்று பார்க்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகன் "அங்கே கிடைப்பது சரியில்லை அப்பா, நானே நல்லதாக ஒன்று கொண்டு வருகிறேன்" என்கிறான். மூவரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். சிறிய பேட்டரி போட்ட இலேசான வண்டியா, பெரிய பேட்டரி போட்ட கனமான வண்டியா?

விலை வித்தியாசம் சில ஆயிரங்களிலிருந்து லட்சம் வரை போகிறது. ஆகவே விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாமல், பள்ளிக்கூடத்துக் கணக்கைக் கொண்டு நாமே பார்த்துவிடலாம். ரயில்வேயில் பேட்டரிகளோடு காலம் தள்ளியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அளவு என்றால் என்ன?

கடைக்காரர் "இது 10 ஆம்பியர், அது 7.5 ஆம்பியர்" என்பார். அது பாதிக் கணக்குதான். பேட்டரியில் அடங்கும் ஆற்றல் என்பது வோல்ட்டை ஆம்பியர்மணியால் பெருக்கி வரும் வாட்மணி. 36 வோல்ட், 10 ஆம்பியர்மணி என்றால் 360 வாட்மணி. 48 வோல்ட், 7.5 ஆம்பியர்மணி என்றாலும் அதே 360 வாட்மணிதான். ஆம்பியரை மட்டும் பார்த்தால் முதலாவது பெரியது என்று தோன்றும். உண்மையில் இரண்டும் சமம். ஆயிரம் வாட்மணி சேர்ந்தால் நம் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்.

பழைய ரயில் பெட்டிகளில் விளக்குக்கும் விசிறிக்கும் வைத்திருந்த ஈயப் பேட்டரித் தொகுதி 110 வோல்ட், 120 ஆம்பியர்மணி. பெருக்கினால் 13,200 வாட்மணி. ஈயப் பேட்டரி கிலோவுக்கு 30 முதல் 40 வாட்மணிதான் தரும். சைக்கிளுக்கு வேண்டிய 360 வாட்மணியை ஈயத்தில் செய்தால் பத்து கிலோ ஆகிவிடும். லித்தியம் அயனி பேட்டரியில் அதுவே உறை எல்லாம் சேர்த்து சுமார் இரண்டு கிலோ. இலேசான மின்சார சைக்கிள் என்ற பொருளே லித்தியத்தால் வந்ததுதான்.

இந்த லித்தியம் நம் ஊருக்கு அந்நியமும் அல்ல. கரகம்பாடியில் அமர ராஜா ஈயப் பேட்டரி செய்வது எல்லோருக்கும் தெரியும். திருப்பதி மின்னணு உற்பத்தி வளாகத்தில் சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 2022 செப்டம்பரில் லித்தியம் செல் ஆலையின் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 ஆம்பியர்மணி செல்கள் 20,000 செய்யக்கூடிய ஆலை என்று அப்போது அறிவித்தார்கள்.

உலகச் சந்தையில் இரண்டு கட்சி

வெளிநாட்டு மலை சைக்கிள்களில் முதலில் வந்தவை 500, 625, 700 வாட்மணி என்று பெரிய பேட்டரி வைத்தவை. எடை 22 முதல் 25 கிலோ. 2020-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 'லீவோ எஸ்.எல்.' என்ற வண்டியில் 320 வாட்மணி மட்டும் வைத்து எடையைக் குறைத்தது. அதே ஆண்டு ஸ்பெயின் நாட்டு ஆர்பியா 'ரைஸ்' என்ற வண்டியை 360 வாட்மணியோடு கொண்டு வந்தது. 2022-இல் ட்ரெக் நிறுவனத்தின் 'ஃபியூயல் இ.எக்ஸ்.இ.' வந்தது, அதுவும் 360 வாட்மணி. பின்னர் 2024-இல் ஆர்பியா அதே ரைஸ் வண்டியை 420, 630 என்று இரண்டு அளவுகளில் கொடுத்து, தேர்வை வாங்குபவரிடமே விட்டுவிட்டது. அனுபவமுள்ள நிறுவனங்களே ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த வண்டிகளில் பல 36 வோல்ட்டில் 5.8 அல்லது 7.8 ஆம்பியர்மணி வைத்தவை. அதாவது 209 அல்லது 281 வாட்மணி.

திருமலை ஏற்றத்தை வைத்து ஒரு கணக்கு

நமக்குத் தெரிந்த மலையை வைத்தே கணக்குப் போடலாம். திருப்பதி ஊரிலிருந்து திருமலை ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை வழியாக 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 90 கிலோ. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும்.

எடையை உயரத்துக்குத் தூக்க 170 வாட்மணி. டயர் தரையில் உருள்வதற்கு 50. காற்றைக் கிழித்துப் போக 20. மொத்தம் 240 வாட்மணி. இது சக்கரத்துக்கு வந்து சேர வேண்டிய ஆற்றல். மோட்டாரும் மின்சுற்றும் பேட்டரியில் எடுப்பதில் முக்கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மீதி சூடாகப் போய்விடும்.

இனி நம் கால் எவ்வளவு கொடுக்கிறது என்று பார்ப்போம்.

பெயருக்கு மட்டும் காலைச் சுழற்றி, எல்லாப் பாரத்தையும் மோட்டாரிடம் விட்டால் பேட்டரியிலிருந்து 320 வாட்மணி போகும்.

நிதானமாக 50 வாட் அளவுக்கு மிதித்தால் 210 வாட்மணி போதும். இது வயதானவரும் ஆரோக்கியமாக இருந்தால் தரக்கூடியது.

75 வாட் மிதித்தால் 155 வாட்மணி.

பழகிய இளைஞர் 100 வாட் கொடுத்தால் 100 வாட்மணியோடு முடிந்துவிடும்.

மலை ஒன்றுதான், வண்டி ஒன்றுதான். ஆனால் செலவு மூன்று மடங்கு வித்தியாசப்படுகிறது. "ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர்" என்று விளம்பரத்தில் போடும் எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பது இதிலிருந்தே விளங்கும். யார் மிதித்தார், எந்தத் தரையில் மிதித்தார் என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை வற்றவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பாக இருக்கட்டும். சில ஆண்டுகளில் பேட்டரி தேய்ந்து இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆக, புதிதில் வாங்கும் அளவில் 64 சதவீதத்தை நம்பலாம். 250 வாட்மணி பேட்டரி 160 கொடுக்கும். 360 என்றால் 230. 500 என்றால் 320. மேலே உள்ள கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நன்றாக மிதிப்பவருக்கு 250 போதும். நிதானமாக மிதிப்பவருக்கு 360. மிதிக்க இயலாதவருக்கு 500-க்குக் குறையக் கூடாது.

திருமலையை உயரக் கணக்குக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். மலைப்பாதையில் இரு சக்கர வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடுகள் உண்டு; அவை மாறியும் வருகின்றன. தேவஸ்தானத்தின் அன்றைய விதியைக் கேட்டறியாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், மோட்டாரே இழுத்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 வாட்மணி. பாதியை நாம் மிதித்தால் 4. கடைத்தெரு, பள்ளிக்கூடம், சந்திரகிரி வரை ஒரு காலை உலா என்பதற்கெல்லாம் 250 தாராளம்.

பேட்டரியின் எடை உண்மையில் எங்கே உறுத்தும்?

"பெரிய பேட்டரி வைத்தால் அந்த எடையை இழுக்கவே அதன் சக்தி போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு கிலோவை 700 மீட்டர் தூக்க இரண்டு வாட்மணிதான் ஆகும்; மோட்டார் இழப்பையும் சேர்த்தால் இரண்டரை. அந்த ஒரு கிலோ லித்தியமோ 150 வாட்மணிக்கு மேல் கொண்டு வருகிறது. ஓடும்போது எடை ஒரு பொருட்டே அல்ல.

எடை உறுத்துவது மூன்று இடங்களில். முதலாவது, மாடிப்படி. இரண்டாம் மாடியில் குடியிருப்பவர் 17 கிலோ வண்டியைத் தூக்கிவிடலாம். 24 கிலோ வண்டியைத் தினமும் தூக்கினால் முதுகு பதில் சொல்லும். இரண்டாவது, வழியில் சார்ஜ் தீர்ந்தால். இலேசான வண்டி சாதாரண சைக்கிள் போல வீடு வந்து சேரும். கனமான வண்டியை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மூன்றாவது, கரடுமுரடான பாதை. தலக்கோனம் பக்கத்துக் காட்டுச் சாலையில் கல்லுக்கும் பள்ளத்துக்கும் வண்டியைச் சட்டென்று திருப்ப இலேசான வண்டிதான் சொன்னபடி கேட்கும்.

மாடியில் குடியிருப்பவர்கள் பேட்டரியை மட்டும் கழற்றி எடுத்துப் போக முடியுமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இலேசான வெளிநாட்டு வண்டிகள் சிலவற்றில் பேட்டரி சட்டத்துக்குள்ளேயே அடைபட்டிருக்கும். அவற்றில் வண்டியையே பிளக் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

இறக்கத்தில் சக்தி திரும்புமா?

நம் மின்சார ரயில் எஞ்சின்களில் டபிள்யூ.ஏ.பி.-7 போன்றவை பிரேக் போடும்போது மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பி அனுப்பும். 2022-இலிருந்து திருமலைக்கு ஓடும் மின்சார பஸ்களும் இறக்கத்தில் தம் பேட்டரிக்குச் சிறிது திருப்பிக்கொள்ளும். மலை சைக்கிளில் மோட்டார் மிதிக்கட்டை அருகே இருக்கிறது; பின்சக்கரம் தனியாகச் சுழன்றுவிடும். ஆகவே ஒன்றும் திரும்பாது. உயரத்துக்குத் தூக்கச் செலவழித்தது இறங்கும்போது பிரேக்கிலும் டயரிலும் காற்றிலும் சூடாகப் போகிறது. நீண்ட இறக்கம் போகிறவர்கள் பேட்டரியைவிட டிஸ்க் பிரேக்கின் தரத்துக்குக் காசு செலவழிப்பது உயிருக்கு நல்லது.

மோட்டார் சக்கரத்தின் நடுவில் இருக்கும் வண்டிகள் விலை குறைவு. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது அந்த மோட்டார் சூடேறித் திறன் குறையும். மிதிக்கட்டை அருகே மோட்டார் உள்ளவை கியரைப் பயன்படுத்திக்கொள்வதால் மலைக்கு ஏற்றவை.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வரலாமா?

பிள்ளைகள் ஆசையாகச் சொல்வதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயணிகள் விமானத்தில் 100 வாட்மணி வரையுள்ள லித்தியம் பேட்டரியைக் கொண்டு வரலாம். 100 முதல் 160 வரை விமானக் கம்பெனியின் முன் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் பயணியின் பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. சைக்கிள் பேட்டரிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வரம்பைத் தாண்டியவை. பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் கொண்டு வந்தால், அதற்குப் பொருந்தும் பேட்டரியை இங்கே தேடி அலைய வேண்டியிருக்கும்.

சட்டமும் உண்டு. நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், 25 கிலோமீட்டர் வேகத்தில் நின்றுவிடும் உதவியும் உள்ள மிதி சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. பதிவும் லைசென்சும் வேண்டாம். அமெரிக்காவில் மணிக்கு 32 கிலோமீட்டர் வரை உதவும் வண்டிகள் சாதாரணம். அதே வண்டி இங்கே வந்தால் அந்தச் சலுகைக்குள் வராது.

வெயிலும் சார்ஜும்

2022-இல் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்களும் பேட்டரிகளும் தீப்பிடித்தன. அதன் பிறகு ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. நம் பக்கம் மே மாத வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். ஆகவே சில பழக்கங்கள் அவசியம்.

1. வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடக் கூடாது. அரை மணி, ஒரு மணி நிழலில் ஆறட்டும்.

2. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகக் கூடாது. 36 வோல்ட் பேட்டரிக்கு 42 வோல்ட்டில் சார்ஜ் நிற்க வேண்டும். 48 வோல்ட் சார்ஜரைச் செருகினால் ஆபத்து.

3. வாசற்படியிலும் மாடிப்படியின் கீழும் வைத்து இரவு முழுவதும் சார்ஜ் போட வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும்.

4. மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போகவும். முழுதாகவோ வெறுமையாகவோ வைத்தால் ஆயுள் குறையும்.

5. விழுந்து நசுங்கிய பேட்டரியைக் கழற்றிப் பார்க்காமல், வாங்கிய கடையிலேயே காட்ட வேண்டும்.

மின்சாரச் செலவு பெரிதல்ல. 360 வாட்மணி பேட்டரியை நிரப்ப அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். உண்மையான செலவு, சில ஆண்டுகளுக்குப் பிறகு பேட்டரியை மாற்றும்போதுதான் வரும். ஐந்நூறு முறை போல முழுதாக ஏற்றி இறக்கினால் தேய்மானம் தெரியத் தொடங்கும். ஒரே தூரத்துக்குச் சிறிய பேட்டரி அதிக முறை ஏறி இறங்குவதால் முன்னதாகத் தேயும். பெரியது நின்று உழைக்கும், ஆனால் மாற்றும்போது விலை அதிகம். ஆகவே வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மாற்று பேட்டரி திருப்பதியிலோ சென்னையிலோ கிடைக்குமா, இன்றைய விலை என்ன?" என்பதே. பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: ஊருக்குள் ஓட்டவும், மிதிக்கத் தெம்பு உள்ளவர்களுக்கும் 250 வாட்மணி. மேடு பள்ளம் ஏற விரும்பும் பெரியவர்களுக்கும், வாரக் கடைசியில் மலைப்பக்கம் போகும் இளைஞர்களுக்கும் 360 முதல் 420. முழங்கால் வலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள், மருத்துவர் சம்மதித்தால், 500-க்கு மேல். அவர்கள் வண்டியைத் தூக்க வேண்டாத தரைத்தள வீட்டில் இருப்பது நல்லது. சித்தூர்–திருப்பதி போல 70 கிலோமீட்டர் ஒரே மூச்சில் போக நினைப்பவர்களுக்கும் 500-க்கு மேல்தான். அதிலும் திருப்பதியிலிருந்து சித்தூர் போவது ஏற்றம் என்பதால் திரும்பி வருவதைவிடச் செலவு கூடும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். நம் காலுக்கும், நாம் ஏறும் மேட்டுக்கும், நாம் தூக்கும் படிக்கும் தகுந்த பேட்டரியை வாங்குங்கள். கடைக்குப் போகுமுன் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் உங்கள் எடையையும் உங்கள் பாதையையும் வைத்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளை உடன் உட்கார வைத்துக்கொண்டு போட்டால், அவர்களுக்குப் பௌதிகப் பாடமும் ஆயிற்று.