சொல்லும் சான்றும்

கந்தளாய்க் குளக்கட்டிலே மாலை வேளைகளில் உலாவுவது என் வழக்கம். ஒரு நாள் உடன் வந்த மாணவன் கேட்டான்: “ஐயா, மே 18-ஆம் நாளைத் தமிழர் இனப்படுகொலை நினைவு நாளாகக் கொள்ளும் தீர்மானத்தைக் கனடியப் பாராளுமன்றம் 2022-இல் ஏகமனதாக நிறைவேற்றியதே! இனி வழக்கு முடிந்ததுதானே?”

“முடியவில்லைத் தம்பி, இன்னும் தொடங்கவேயில்லை” என்றேன். அவன் முகம் வாடிற்று.

பாராளுமன்றத்தின் தீர்மானம் வேறு. நீதிமன்றத்தின் தீர்ப்பு வேறு. ஐக்கிய நாடுகள் சபை 1948-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையில் இலங்கை 1950-இல் இணைந்தது. அதன்படி, பலர் கொல்லப்பட்டமை மட்டும் இனப்படுகொலை ஆகாது. ஓர் இனத்தையோ சமயத்தவரையோ முழுமையாகவேனும் பகுதியாகவேனும் அழித்தொழிக்கும் உள்நோக்கம் நிரூபிக்கப்படல் வேண்டும். அரசியற் குழுவினரை அவ்வரைவிலக்கணம் சேர்க்கவில்லை. அவ்வாறு சேர்ப்பதை எதிர்த்தோருள் சோவியத் அரசும் ஒன்று.

இதன் விளைவை லித்துவேனிய நாடு அனுபவத்தில் அறிந்தது. சோவியத் ஆட்சியை எதிர்த்துப் போராடிய இருவர் 1953-இல் கொல்லப்பட்டதில் பங்குகொண்ட அதிகாரி ஒருவரை, அந்நாட்டு நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றவாளியெனத் தீர்த்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ 2015-இல், 9-க்கு 8 என்ற கணக்கில், அதனை ஏற்க மறுத்தது. அப்போராளிகள் தம் தேசிய இனத்தின் முக்கிய பகுதியினர் என்பதற்குத் தக்க விளக்கம் தரப்படவில்லை என்பது காரணங்களுள் ஒன்று. மறு ஆண்டே, போராளித் தலைவர் ரமனௌஸ்கஸ் 1956-இல் பிடிக்கப்பட்டது பற்றிய வழக்கில், லித்துவேனிய உயர் நீதிமன்றம் அவ்விளக்கத்தை விரிவாக வரைந்தது. 2019-இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம், 5-க்கு 2 என்ற கணக்கில், அதனை ஏற்றுக்கொண்டது. வாதம் வலுப்பெற்றது, தீர்ப்பும் மாறிற்று.

நம் நிலை யாது? எமது மாவட்டத்துக் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11-ஆம் நாள், பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலை வழக்காக நடந்த அது, 2016 ஜூலையில், அநுராதபுரத்தில் ஜூரிகளின் முடிவின்படி முன்னாள் இராணுவத்தினர் அறுவரும் விடுவிக்கப்பட்டதோடு முடிந்தது. சர்வதேச நீதிமன்றத்திலே வழக்கிட அரசுகளுக்கே உரிமையுண்டு, தனிமனிதருக்கு இல்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த உரோம் சாசனத்திலோ இலங்கை சேரவில்லை. ஆயினும் சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறுப்பை, ஜெனீவாவிலுள்ள மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்திடம் ஒப்படைத்தது.

மூவினத்தாரும் அடுத்தடுத்து வாழும் ஊர் எமது. எவர்மீதும் பகை வளர்ப்பதற்கன்று இதனை எழுதுவது. இழந்தவர் எவ்வினத்தவராயினும், அவர் கண்டது அவரோடு மறைந்துவிடலாகாது. அன்று குழந்தையாயிருந்தோர் இன்று பெற்றோராயினர். அன்றைய பெற்றோருட் பலர் இன்று இல்லை.

“உன் பாட்டி கண்டதை எழுதி வைத்தாயா?” என்று மாணவனைக் கேட்டேன். “இல்லை ஐயா” என்றான்.

“நாளும் இடமும் பிழையாமல், கேட்டதைக் கண்டதாக ஆக்காமல், அவர் சொன்னபடியே எழுது. நீதிமன்றம் என்று திறக்குமோ அறியோம். திறக்கும் நாளில் நம் கை வெறுங்கையாக இருத்தல் கூடாது.”

மறுநாள் அவன் புதிய கொப்பி ஒன்றுடன் வகுப்புக்கு வந்தான்.