புகை காட்டிக்கொடுக்காத அடுப்பு

‘நெருப்பில்லாமல் புகையாது’ என்ற பழமொழிக்குப் பொருள் கேட்டால் மாணவர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். “சரி, புகையில்லாமல் நெருப்பு இருக்குமா?” என்று அதையே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் “இருக்காது டீச்சர்” என்பார்கள். கேஸ் அடுப்பு, மெழுகுவர்த்தி என்று யாராவது ஒருவர் தொடங்குவார். “விறகு அடுப்பில்?” என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு கொஞ்சம் யோசிக்கும்.

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தே தீரவேண்டிய நெருக்கடி வியட்நாமில் ஒரு சமையல்காரருக்கு வந்தது. விளக்கக் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்களுக்கு அவருடைய அடுப்பு நல்ல பாடமாக அமையும். அறிவியல், வரலாறு, நம் மொழியின் உவமைகள் மூன்றும் அதில் ஒன்றாகச் சேருகின்றன.

பகலில் புகை, இரவில் வெளிச்சம்

பிரெஞ்சுப் படைக்கு எதிராக வியட்நாமியர் காடுகளில் போரிட்ட காலம் அது. வானத்தில் வேவு விமானங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். காட்டின் நடுவே ஒரு புகைத்தூண் எழும்பினால் போதும், அங்கே ஆள் இருப்பது தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் குண்டு விழும். சரி, இரவில் சமைக்கலாம் என்றால் தீயின் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். வேறு வழியில்லாமல் தூரத்தில் சமைத்துச் சுமந்து வந்தால், சோறு ஆறிப்போய்விடும். மழையிலும் குளிரிலும் கிடக்கும் வீரனுக்கு ஆறிய சோறுதான் கிடைக்கும்.

308ஆம் படைப்பிரிவில் சமையல் வேலை பார்த்த ஹுவாங் கம் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய அடுப்பு 1951இல், ஹுவா பின் போர்த்தொடரின்போது பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு 1954 மார்ச் 13 முதல் மே 7 வரை நடந்த டியென் பியென் ஃபூ முற்றுகையிலும், அதற்குப் பின் அமெரிக்காவுடனான போரிலும் பரவலாகப் பயன்பட்டது. இன்றும் வியட்நாமில் அதை ‘ஹுவாங் கம் அடுப்பு’ என்றே அழைக்கிறார்கள். போரில் தளபதிகளின் பெயர் நிற்பது வழக்கம். இங்கே ஒரு சமையல்காரரின் பெயர் நின்றிருக்கிறது.

அவர் செய்தது என்ன என்று புரிய, முதலில் புகை என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

புகை என்பது எரியாத விறகு

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு ஏறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பிறகு ஏறத்தாழ 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களையும் தார் ஆவியையும் வெளிவிடுகிறது. நாம் சுவாலை என்று பார்ப்பது அந்த வாயுக்கள் எரிவதைத்தான். அவை முழுமையாக எரிய இரண்டு வேண்டும்: போதிய சூடு, போதிய காற்று. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமல் தப்பி, வெளியே வந்து குளிர்ந்து, நுண்ணிய துளிகளாகவும் கரித்துகளாகவும் மாறுகின்றன. கண்ணைக் கரிக்கவைக்கும் புகை அதுதான்.

ஈர விறகு ஏன் புகைகிறது என்பதும் இப்போது விளங்கும். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதியளவுகூட நீர் இருக்கலாம். சூடெல்லாம் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது. வாயு தீப்பற்றும் அளவுக்கு வெப்பம் ஏறுவதில்லை. முகாமில், “ஊதி ஊதி கண்ணு கலங்குனதுதான் மிச்சம் டீச்சர்” என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான்.

ஆக, புகையை மறைக்க இரண்டே வழிகள். ஒன்று, புகையே உண்டாகாமல் முழுமையாக எரியவிடுவது. மற்றொன்று, உண்டான புகையைக் குளிரவைத்துக் கலைப்பது.

முதல் வழி: நன்றாக எரியவிடு

நன்கு காய்ந்த, கட்டைவிரல் தடிமனுக்கு மேற்படாத சுள்ளிகளே இதற்கு ஏற்றவை. மழை பெய்த காட்டில் தரையில் கிடப்பதைவிட, மரத்திலேயே காய்ந்து நிற்கும் கிளை மேலானது. பட்டையில் ஈரம் தங்கும் என்பதால் அதை உரித்துவிட வேண்டும். மூங்கிலைப் பிளந்துதான் போட வேண்டும். முழுதாகப் போட்டால் கணுக்களுக்கு இடையே அடைபட்ட காற்று சூடேறிப் ‘பட்’டென்று வெடிக்கும். ஒரே நேரத்தில் விறகைத் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். அடுப்படியில் நம் பாட்டிமார் செய்தது இதைத்தான்.

அமெரிக்காவின் டகோட்டா நிலப்பகுதியின் பெயரால் வழங்கும் குழியடுப்பு இந்த வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறக்குறைய 30 செண்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி. காற்று வரும் பக்கத்தில், ஓரடி தள்ளி இன்னொரு சிறு குழி. இரண்டின் அடிப்பகுதியையும் ஒரு சுரங்கம் இணைக்கும். பெரிய குழியில் தீ மூட்டியதும் சூடான காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பச் சிறு குழி வழியாகப் புதுக்காற்று அடியில் நுழையும். ஊதுகுழல் இல்லாமலே அடுப்பு தானாக ஊதிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழிச்சுவர் சூட்டை உள்ளேயே வைத்திருப்பதால் வாயுக்கள் நன்றாக எரிகின்றன. சுவாலை தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெளிச்சமும் தூரத்துக்குத் தெரியாது.

இரண்டாம் வழி: புகையைக் கலைத்துவிடு

வியட்நாமின் மழைக்காட்டில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது? ஒரு படைக்கே சமைக்க வேண்டும், கிடைத்த விறகைத்தான் எரிக்க வேண்டும். புகை வரத்தான் செய்யும். ஆகவே ஹுவாங் கம் புகையின் பாதையை மாற்றினார்.

மலைச்சரிவில் அடுப்பைக் குழியாகத் தோண்டி, அதன் பின்புறத்திலிருந்து நீண்ட வாய்க்கால்களை வெட்டினார்கள். வாய்க்கால்களின் மேல் கிளைகளைப் பரப்பி, அதன்மீது மெல்லிய மண்ணைப் போட்டு ஈரமாக வைத்தார்கள். புகை அந்த நீண்ட பாதையில் போகும்போது சூட்டை இழக்கிறது. தார்த்துளிகளில் ஒரு பகுதி ஈர மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. மிச்சம் ஒரே இடத்தில் கிளம்பாமல் வாய்க்கால் நெடுகிலும் இடுக்குகள் வழியே கசிகிறது. குளிர்ந்த புகை மேலே எழும்பாது, காட்டு மூடுபனி மாதிரி தரையோடு தவழ்ந்து கரைந்துவிடும். மேலே பறக்கும் விமானத்துக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது.

ஹோ சி மின் நகருக்கு வடமேற்கே உள்ள கூ சீ சுரங்கங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த அடுப்பை இன்றும் காணலாம். அங்கே விடியற்காலையில், மூடுபனி இருக்கும் நேரமாகப் பார்த்துச் சமைத்திருக்கிறார்கள். வருகையாளர்களுக்கு அங்கே அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுப்பார்கள். ஜப்பான் காலத்தில் நம் தாத்தா பாட்டிகளின் பசியாற்றிய அதே கிழங்கு.

நம் மொழியில் மறைந்திருக்கும் நெருப்பு

‘நீறு பூத்த நெருப்பு போல’, ‘குடத்திலிட்ட விளக்கு போல’ என்ற உவமைகளை மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். நீறு என்றால் சாம்பல் என்று பலருக்குத் தெரிவதில்லை. தணலின் மேல் சாம்பல் படிந்தால் காற்று குறைவாகவே உள்ளே போகும். கங்கு மெதுவாக, சுவாலையில்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் காலையில் கிளறி ஊதினால் மீண்டும் பற்றும். வெளியே அடங்கி உள்ளே கனலும் பகைக்கு இது ஏன் உவமை ஆயிற்று என்பது அப்போது புரியும். குழியடுப்பில் எரியும் தீயோ குடத்திலிட்ட விளக்கேதான்.

பத்திரம்

செய்து பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். பொறுப்பாசிரியர் இல்லாமல் தீ மூட்டக் கூடாது. இலைதழை மக்கிச் சேர்ந்த சதுப்பு மண்ணில் குழியடுப்பு தோண்டவே கூடாது, மண்ணே தீப்பிடித்து அடியில் நாள்கணக்கில் புகையும். புகைமூட்டக் காலத்தில் திறந்தவெளியில் எரிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

புகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கரித்தணல் புகையாது, ஆனால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதிலிருந்து வரும். கூடாரத்துக்குள் தணலை வைத்துத் தூங்கினால் உயிர் போய்விடும்.

காட்டில் வழி தவறியவர் இந்தப் பாடத்தை அப்படியே தலைகீழாக்க வேண்டும். அவரைத் தேடுகிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டுமே! நன்றாகப் பற்றிய தீயில் பச்சை இலைகளைப் போட்டால் அடர்ந்த வெண்புகை எழும்பும். மூன்று இடங்களில் தீ மூட்டுவது உலகம் அறிந்த ஆபத்துக் குறி. புகை எப்படி உண்டாகிறது என்று அறிந்தவருக்குத்தான் அதை மறைக்கவும் தெரியும், காட்டவும் தெரியும்.

வகுப்பறைக்கு

விளக்கக் கட்டுரையில் பலர் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ‘ஈர விறகு அதிகம் புகையும்’ என்பது செய்தி. ‘ஈர விறகிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாவதால், வாயுக்கள் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன’ என்பது விளக்கம். ஆல், ஆகவே, இதன் விளைவாக போன்ற இணைப்புகள் காரணத்தையும் விளைவையும் கட்டிப்போடுகின்றன.

1. சுள்ளி, கொள்ளி, கங்கு, தணல், நீறு ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை எழுதுக.
2. குழியடுப்புக்கும் ஹுவாங் கம் அடுப்புக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைக் காரணத்தோடு விளக்குக.
3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் விறகடுப்பு மூட்டும் முறையைக் கேட்டறிந்து, 120 சொற்களில் எழுதுக. ஒவ்வொரு படிக்கும் ‘ஏன்’ என்பதற்கு விடை இருக்க வேண்டும்.