கொலைகாரப் பூச்சியின் பற்று வரவு

வயலில் காணும் பூச்சி யாவும் பயிருக்குப் பகையே என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பூச்சியைக் கண்டதும் மருந்தை நாடுவதும், மருந்துக்குக் கையில் பணமின்றேல் கடனை நாடுவதும் வழக்கமாகிவிட்டன. அவ்வாறு வாங்கும் கடனில் ஒரு பகுதி, நமக்காகக் கூலியின்றி உழைக்கும் பூச்சிகளைக் கொல்லவே செலவாகிறது என்பதை உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டும். அத்தகைய பூச்சிகளுள் ஒன்றைப் பற்றி, அதன் குறையையும் மறைக்காமல், இங்கு எழுத விழைகிறோம்.

நாவாய்ப்பூச்சிகளுள் 'ரெடுவிடே' என்றொரு குடும்பம் உண்டு. மேனாட்டார் இதற்குக் 'கொலைகாரப் பூச்சி' என்று பொருள்படும் பெயரை இட்டனர். உலகெங்கும் ஏறத்தாழ 7,000 இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பிற பூச்சிகளைத் தின்றே வாழ்கின்றன. இப்பூச்சி இலை மறைவில் அசையாமல் காத்திருக்கும். அல்லது மெல்ல ஊர்ந்து இரையை அணுகும். நெருங்கியதும் முன்னங்கால்களால் பற்றி, வளைந்த அலகை இரையின் உடலில் குத்தும். அலகின் வழியே செல்லும் உமிழ்நீர் இரையைச் செயலறச் செய்து, உட்சதையைக் கூழாக்கிவிடும். அக்கூழை உறிஞ்சியபின் வெறுந்தோலை விட்டுச் செல்லும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஐந்து முறை தோலுரித்து முதிர்ச்சி அடைகிறது. கூட்டுப்புழுப் பருவம் இதற்கு இல்லை. ஆகவே குஞ்சாக இருக்கும்போதே வேட்டையும் தொடங்கிவிடுகிறது.

நமது நாட்டு வயல்களில் காணப்படும் 'ரைனோகோரிஸ்' என்னும் பிரிவு இவற்றுள் முக்கியமானது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் டன்ஸ்டன் ஆம்ப்ரோஸ் அவர்களும், பின்னர் சகாயராஜ் அவர்களும் இப்பூச்சிகளைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். ஆம்ப்ரோஸ் அவர்கள் 1999இல் இவற்றைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். புகையிலை வெட்டுப்புழு, பச்சைக் காய்ப்புழு, சிவப்புக் கம்பளிப்புழு, பூக்களைத் தின்னும் கொப்புள வண்டு ஆகியவற்றை இவை உண்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வில்லியனூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் மல்லாட்டை விதைப்போருக்கும், பாகூர்ப் பக்கத்தில் வரப்போரமும் தோட்டத்திலும் காய்கறி வைப்போருக்கும் இப்பெயர்கள் புதியன அல்ல.

இவ்வளவு நன்மை உண்டெனில், இப்பூச்சிகளைப் பெருக்கி மூட்டை மூட்டையாக வயலில் விடலாகாதா என்று கேட்கத் தோன்றும். அரிசி அந்துப்பூச்சியின் புழுக்களை இரையாகக் கொடுத்து ஆய்வுக்கூடத்தில் இவற்றை வளர்க்கின்றனர். ஆயினும், நெருக்கமாக வைத்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எனவே பெருமளவில் வளர்ப்பது எளிதன்று. வயலில் தாமாகவே வந்து தங்கியிருப்பவற்றை அழியாமல் காப்பதே செலவில்லாத வழி.

காப்பதற்கு முதற்படி, அடையாளம் காண்பது. இதில்தான் பெரும்பிழை நேர்கிறது. பருத்திச் செடியில் காயைச் சுற்றிக் கூட்டமாக மொய்க்கும் சிவப்புப் பூச்சியை விவசாயிகள் நன்கறிவர். அது காய்க்குள்ளிருக்கும் விதையின் சாற்றை உறிஞ்சி, பஞ்சில் கறை விழச் செய்கிறது. கறைபட்ட பஞ்சு தரம் தாழ்ந்து விலை இழக்கிறது. விதையின் முளைப்புத் திறனும் குறைகிறது. நல்ல நூலுக்குத் தேவை நல்ல பஞ்சு. ஆகவே இது பயிரிடுவோரின் கவலை மட்டுமன்று, தறியில் அமர்வோரின் கவலையும் ஆகும். கொலைகாரப் பூச்சிகள் இந்தச் சிவப்புப் பூச்சியையும் பிடித்துத் தின்கின்றன. ஆனால் ரைனோகோரிஸ் பூச்சிகளும் சிவப்பும் கறுப்பும் கலந்த நிறமுடையனவே. நிறத்தை மட்டும் பார்ப்பவர் திருடனையும் காவற்காரனையும் ஒருசேர நசுக்கிவிடுகிறார்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. பருத்திச் சிவப்புப் பூச்சி கூட்டமாக வாழும். இறகு ஒவ்வொன்றிலும் கரும்புள்ளி ஒன்று இருக்கும். வயிற்றின் அடிப்புறத்தில் வெண்ணிறக் கோடுகள் குறுக்காக ஓடும். அலகு நீண்டு மெலிந்திருக்கும். கொலைகாரப் பூச்சி பெரும்பாலும் தனித்தே திரியும். தலை ஒடுங்கி நீண்டு, கண்களுக்குப் பின்னே கழுத்துப்போல் குறுகியிருக்கும். அலகு குட்டையாகத் தடித்து, வில்போல் வளைந்திருக்கும். அதனைக் கையால் பிடித்துப் பார்த்தல் கூடாது. குத்தினால் கடுமையாக வலிக்கும். கண்ணாடிப் புட்டியில் விட்டு நோக்குவதே தக்கது.

இனி இதன் குறைக்கு வருவோம். கொலைகாரப் பூச்சிக்கு நம்மவர், அயலார் என்ற வேற்றுமை தெரியாது. மலரில் தேன் பருக வரும் தேனீயையும் அது பற்றிக்கொள்ளும். அமெரிக்கக் கண்டத்தில் 'தேனீக் கொலையாளி' என்றே பெயர்பெற்ற இனங்கள் உள்ளன. அவை செடிகளின் பிசினை முன்னங்கால்களில் பூசிக்கொண்டு, தேனீக்கள் முதலிய பூச்சிகளுக்காக மலரருகே காத்திருக்கின்றன. தேனீப் பெட்டி வைத்திருக்கும் உறுப்பினர் இதனைப் பகையாகக் கருதுவதில் வியப்பில்லை.

எனினும், கணக்கை முழுவதும் பார்த்த பின்னரே முடிவு கட்ட வேண்டும். இந்தியத் தேனீயின் நல்லதொரு கூட்டத்தில் வேலைக்காரத் தேனீக்கள் பல்லாயிரம் இருக்கும். இராணித் தேனீ முட்டையிடும் காலத்தில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் இடுகிறது. பூச்செடியில் தங்கும் ஓரிரு கொலைகாரப் பூச்சிகள் கொள்ளும் சில தேனீக்களின் இழப்பை இக்கூட்டம் ஈடுசெய்துகொள்ளும். தேனீ வளர்ப்போரை வீழ்த்திய பேரிழப்புகள் வேறு வகையின. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் எண்ணற்ற கூட்டங்களை அழித்தது. அது நச்சுயிரியால் வந்த நோய். அதுபோலவே, பூத்திருக்கும் பயிரில் முற்பகலில் தெளிக்கப்படும் நஞ்சு, மேயச் சென்ற தேனீக்களை ஒரே நாளில் கொன்றுவிடக்கூடும். கொலைகாரப் பூச்சியையும் அந்நஞ்சு விட்டுவைப்பதில்லை. புழுக்களோ மீண்டும் பெருகுகின்றன. காவல் திரும்ப நாளாகிறது. உறுப்பினர் மறுபடியும் மருந்துக்கு அலைகிறார். பற்று ஏட்டில் கடன் ஏறுகிறது. வரவு ஏட்டில் ஒன்றும் ஏறுவதில்லை.

ஆகவே உறுப்பினர்கள் பின்வருமாறு நடந்துகொள்ளலாம். மருந்து வாங்குமுன் வயலில் ஐந்தாறு இடங்களில் நின்று, இலையின் மேலும் கீழும் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, அதனைத் தின்னும் பூச்சி எத்தனை என்று எண்ணுக. புழு குறைவாகவும் காவல் மிகுதியாகவும் இருப்பின் சில நாள் பொறுத்து மீண்டும் எண்ணுக. தெளிக்கவே வேண்டுமெனில், முதலில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்துக; அது நன்மை செய்யும் பூச்சிகளுக்குக் குறைந்த கேடே விளைவிக்கும். எதைத் தெளித்தாலும், பூக்கும் பருவத்தைத் தவிர்த்து, தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் தெளிக்க. தேனீ வளர்ப்போர், பெட்டியின் மேலோ வாயிலிலோ கொலைகாரப் பூச்சியைக் கண்டால், குச்சியால் புட்டியில் தள்ளி, தொலைவிலுள்ள பருத்தி அல்லது மல்லாட்டை வயலில் விட்டுவிடுக. ஒருவருக்கு நட்டம் விளைப்பது மற்றவருக்கு உதவியாகும், இதுவும் கூட்டுறவே.

ஒருவர் மட்டும் இவ்வாறு நடப்பதால் முழுப்பயன் கிட்டாது. அடுத்த வரப்புக்காரர் தெளிக்கும் நஞ்சு காற்றில் வந்து நமது வயலிலும் விழும். தேனீயும் நாவாய்ப்பூச்சியும் பட்டா எல்லையை அறியா. எனவே சங்கத்தின் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திற்கு, இருவகைச் சிவப்புப் பூச்சிகளையும் இரண்டு புட்டிகளில் அடைத்துக் கொண்டுவரும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடன் மனுவில் கையெழுத்திடுமுன் இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டவர், தமது பணத்தையும் அண்டை வயல்காரரின் தேனீக்களையும் காத்தவர் ஆவார்.