மூலிகைப் புகை மருந்தாகுமா?

திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் நின்றபடியே உழைப்போர், முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் சூட்டு மருத்துவத்தை நாடுவதுண்டு. அவ்வகையுள் ஒன்று, சீனம், ஜப்பான் ஆகிய நாடுகளில் வழங்கும் மோக்சா. உலர்ந்த இலையைப் பஞ்சுபோல் இடித்துச் சுருட்டிக் கொளுத்தி, உடலின் குறிப்பிட்ட இடங்களுக்கு வெப்பமூட்டுவதே இம்முறை. அந்த இலை நமக்கு அந்நியமன்று. நம் மரிக்கொழுந்தும் சித்த மருத்துவத்தின் மாசிபத்திரியும் சேர்ந்த பேரினத்தைச் சார்ந்ததே. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள்ளும் சுட்டிகை, புகை ஆகியவை இடம்பெற்றுள்ளன.

மோக்சா எரிந்தபின் எஞ்சும் பிசினுக்கு ஆன்டிஆக்சிடன்ட் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல் உண்டென்று கூறுவர். இது பொய்யன்று. அப்பிசினைக் கரைத்துச் சோதனைக்குழாயில் ஆராய்ந்தபோது, உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யும் 'ஃப்ரீ ராடிக்கல்' துகள்களை அது அடக்கியது. ஆயினும் சோதனைக்குழாய் வேறு, மனித உடல் வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடைபெற்ற ஆய்வின் முடிவு 1994ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகிய பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தனர். அதை உட்கொண்டோரிடையே அந்நோய் 18 சதவீதம் மிகுதியாகவே காணப்பட்டது.

மேலும், எந்த இலை எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் வெளிப்படும். புகையிலேயே ஃப்ரீ ராடிக்கல்களும் உண்டு. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் காற்றில் ஒருநாள் சராசரியாக, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமை மிகலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். இந்தியாவின் வரம்பு 60. சன்னல் அடைத்த சிறு அறையில் எதைக் கொளுத்தினாலும் இவ்வளவு எளிதில் மீறப்படும்.

ஆகவே, மோக்சாவால் கிடைக்கும் இதம் பெரும்பாலும் வெப்பத்தினால் வருவது என்றே கொள்ளுதல் தகும். வெந்நீர் ஒற்றடமும் அவ்வெப்பத்தைப் புகையின்றித் தரும்.

சிலர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்தவர்க்குச் சூடு உறைக்காது. தீப்புண் பட்டபின்னரே தெரியவரும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உடையோரும் கருவுற்றோரும் புகையைத் தவிர்த்தல் நலம். குளிப்பாட்டிய பச்சிளங்குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கமும் இதனுள் அடங்கும். தலையை மென்துணியால் துவட்டினாலே போதும்.

மரபு மருத்துவம் வேண்டுவோர் தகுதிபெற்ற சித்த மருத்துவரையே நாடுக. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. அங்கு பெறும் மருத்துவத்தை இங்குள்ள மருத்துவரிடமும், இங்கு உண்ணும் மருந்துகளை அங்கும் மறவாது தெரிவியுங்கள். எதையும் தாமாக நிறுத்த வேண்டா.