பஸ்ஸில் ஏறியவர் எத்தனை பேர்?

சென்னைக்கு வடக்கே மாதவரத்திலிருந்து புழல், செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் பெருஞ்சாலையை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். கல்கத்தா வரை நீளும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் தென்பகுதி அது. பழைய வழக்கில் அதை ஜி.என்.டி. சாலை என்பர். திருவள்ளூர் மாவட்டத்தில் இச்சாலையை ஒட்டிக் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் பல உள்ளன. கும்மிடிப்பூண்டியிலோ ஒரு சிப்காட் தொழிற்பேட்டையே இருக்கிறது. இச்சாலையில் பஸ்ஸில் செல்வோர் எத்தனை பேர்? கேள்வி எளியது, விடை காணப் புகுந்தால்தான் அதன் சிக்கல் விளங்கும்.

வண்டிகளை எண்ணிப் பார்ப்பது ஒரு முறை. சாலையோரம் ஒருவரை நிறுத்தினால் போதும். ஆனால் அவருக்கு ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் காரும் ஒரு வண்டி. அறுபது பேரைச் சுமந்து செல்லும் பஸ்ஸும் ஒரு வண்டி. ஆதலின் வண்டிக் கணக்கு ஆட்கணக்கு ஆகிவிடாது.

அடுத்த முறை, கண்டக்டர் கொடுத்த சீட்டுகளை எண்ணுவது. இதன் பயனையும் குறையையும் ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். 50 இருக்கைகள் கொண்ட ஒரு பஸ் செங்குன்றத்தில் 30 பேருடன் புறப்படுகிறது என்று கொள்வோம். காரனோடையில் 15 பேர் இறங்க, 25 பேர் ஏறுகின்றனர். பொன்னேரிச் சாலை பிரியும் தச்சூரில் 10 பேர் இறங்க, 30 பேர் ஏறுகின்றனர். கவரைப்பேட்டையில் 35 பேர் இறங்க, 5 பேர் ஏறுகின்றனர். எஞ்சிய 30 பேரும் கும்மிடிப்பூண்டியில் இறங்குகின்றனர். ஏறியவர் மொத்தம் 90 பேர். ஆனால் பஸ்ஸுக்குள் இருந்தவரோ முறையே 30, 40, 60, 30. நிறுத்தங்களின் இடைத்தூரம் சமம் என்று கொண்டால் சராசரி 40; அதாவது இருக்கைகளில் 80 சதவிகிதம் நிரம்பியது. அறிக்கையில் இதைப் படிப்பவர், "இடம் மிச்சமிருக்கிறதே, இன்னொரு பஸ் எதற்கு?" என்பார். தச்சூருக்கும் கவரைப்பேட்டைக்கும் இடையே 10 பேர் நின்றுகொண்டே சென்றது அந்தச் சராசரியில் மறைந்துபோயிற்று!

நேரமும் இவ்வாறே. தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் வேளையில் நிறுத்தம் நிரம்பி வழியும்; நண்பகலில் அதே நிறுத்தம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே நாள் மொத்தத்தை மட்டும் பாராமல், மணிவாரியாகவும் நிறுத்தவாரியாகவும் எண்ண வேண்டும்.

சீட்டே வாங்காமல் செல்வோரும் உண்டு. மாணவர்களாகிய உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸைக் காட்டிவிட்டு அமர்ந்துவிடுகிறீர்கள். நாளைக்கு இத்தனை முறை ஏறுவீர்கள் என்று ஊகித்தே உங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2021 மே மாதத்தில் தமிழக அரசு சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அளித்தபோது இச்சிக்கல் பெரிதாயிற்று. வசூலான பணத்தைக் கொண்டு ஆட்களைக் கணக்கிடும் வழக்கம் அதன் பின் பயன்படாது. ஆகவேதான் காசு பெறாவிடினும் சீட்டு கொடுக்கும் ஏற்பாடு வந்தது. "இலவசந்தானே, சீட்டு எதற்கு?" என்று வாங்காமல் இருந்துவிடும் பெண், தம்மை அறியாமலே கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார்.

வெளிநாடுகளில் என்ன செய்கின்றனர்? சிங்கப்பூர் பஸ்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைக் கருவியில் தொட்டுக் காட்டுகின்றனர். ஏறிய இடமும் இறங்கிய இடமும் பதிவாகின்றன. இலண்டன் பஸ்ஸிலோ ஏறும்போது மட்டுமே தொடுகின்றனர். இறங்கிய இடத்தை, அவர் அடுத்து எங்கே பயணம் தொடங்கினார் என்பதைக் கொண்டு உய்த்துணர்கின்றனர்.

ஆயினும் எந்தக் கருவியாலும் எண்ணப்படாத ஒருவர் இருக்கிறார். பஸ் நிரம்பி வழிந்ததால் ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டவர் அவர். காத்துப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போகிறவரும் அவர்தாம். அவர் பஸ்ஸில் ஏறவில்லை. ஆகவே கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததால் அவருக்கென்று பஸ் விடுவதற்குக் காரணமும் தென்படுவதில்லை. பஸ் வாராததால் மறுநாளும் அவர் ஏறுவதில்லை. இந்தச் சுழலை அறுக்க வேண்டுமானால் பஸ்ஸுக்குள் எண்ணுவதோடு நிறுத்தத்திலும் ஓர் ஆள் நின்று எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் கடிகாரமும் போதும். உங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒரு வாரம், காலையில் ஒரு மணி நேரம் நின்று, வந்த பஸ்கள், ஏறியவர், ஏற முடியாதவர் ஆகிய மூன்றையும் எழுதிப் பாருங்கள். "எங்கள் ஊருக்கு பஸ் போதவில்லை" என்று வாயால் சொல்வதைவிட, அந்த ஒரு வாரக் கணக்கை அதிகாரிகளின் முன் வைப்பது வலிமை வாய்ந்தது.