அந்தமான் டூர் போறீங்களா? முதல்ல ஊசுட்டேரிக்குப் போயிட்டு வாங்க!

பாகூரிலிருந்து சென்னை விமான நிலையம் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து அந்தமானுக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான்! ஒரு மழைக்காட்டுத் தீவு நமக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

ஆனால், டூர் பேக்கேஜ்களைப் பாருங்கள். செல்லுலார் சிறை, நாலு கடற்கரை, ஸ்கூபா, ஷாப்பிங் என்றே பெரும்பாலும் இருக்கும். கடல் நமக்குப் புதிதா என்ன? அந்தமானில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. சேமிப்பை எல்லாம் போட்டுப் போகிறோம், அந்தக் காட்டைப் பார்க்காமல் திரும்பலாமா?

எப்போது போகலாம்?

மே முதல் நவம்பர் வரை இரண்டு பருவமழையும் அங்கே மாறி மாறிக் கொட்டும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் காட்டுக்கு ஏற்ற காலம். பொங்கல் விடுமுறையில் போவதென்றால் டிக்கெட்டைப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. ஆனால், போக மட்டுமே மூன்று நாள் பிடிக்கும்.

வீட்டுப் பக்கத்திலேயே ஒத்திகை

காட்டில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருக்கத் தெரிய வேண்டும். இதைக் குழந்தைகளுக்குப் பழக்க வில்லியனூர் பக்கம் இருக்கும் ஊசுட்டேரி அருமையான இடம். 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி இது. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போங்கள். கூழைக்கடா, நாமக்கோழி, ஊசிவால் வாத்து என ஒவ்வொன்றாகக் குழந்தைகள் நோட்டில் எழுதட்டும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதில் பறவையைப் பிடித்துப் பார்க்கக் கை பழகவே இரண்டு காலை தேவைப்படும்.

பாகூர்க்காரர்களுக்குப் பாகூர் ஏரி இருக்கிறது. அங்கே கரையோரம் செம்போத்தைப் பார்த்தால் நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: கருப்பு உடல், செம்பழுப்பு இறக்கை. அந்தமான் செம்போத்துக்கு உடலும் வெளிர் பழுப்பு! கடல் நடுவே தனித்து வாழ்ந்து வாழ்ந்து வேறு இனமாகவே ஆகிவிட்ட பறவை அது. அந்தமான் மரங்கொத்தியும் அப்படித்தான். கன்னங்கரேல் என்றிருக்கும் அந்தப் பெரிய பறவையை உலகில் வேறெங்கும் பார்க்க முடியாது.

ஏழு நாள் திட்டம்

முதல் நாள்: தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) ஓய்வு.

இரண்டாம் நாள்: மவுண்ட் ஹாரியட் தேசியப் பூங்கா. பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்த மலைதான்! 2021-ல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள்.

மூன்று, நான்காம் நாள்: ஸ்வராஜ் தீவு (ஹேவ்லாக்). ராதாநகர்க் கடற்கரையில் கொஞ்ச நேரம் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பின்னால் வானுயர நிற்கும் மரங்கள்தான் மழைக்காடு.

ஐந்தாம் நாள்: ஸ்ரீ விஜயபுரம் திரும்புங்கள். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும் என்பதால், தீவிலிருந்து நேரே விமானம் பிடிப்பதாகத் திட்டமிடவே கூடாது.

ஆறாம் நாள்: விடியற்காலையில் சிடியா டாப்பு. ஊர்ப்பெயரே பறவைத் தீவு என்று பொருள்படும் இந்தி வார்த்தைதான். ஏழாம் நாள் வீடு.

ஒன்று கவனம்: குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். அதனால் எதையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

பத்து நாள் இருந்தால் வடக்கே திக்லிபூர் போகலாம். அங்குள்ள காலிப்பூர் கடற்கரைக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடலாமைகள் முட்டையிட வரும். அவற்றின் மேல் டார்ச் அடிக்காதீர்கள், வனத்துறையினர் சொல்வதைக் கேளுங்கள்.

மீறக் கூடாதவை

திக்லிபூருக்கும் பாராடாங்குக்கும் போகும் சாலை, ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் செல்கிறது. அவர்கள் வேடிக்கைப் பொருள் அல்ல. வண்டியை நிறுத்துவதும், போட்டோ எடுப்பதும், தின்பண்டம் கொடுப்பதும் குற்றம். 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்கே போக நேரிடும். ‘ஜாரவாக்களைக் காட்டுகிறோம்’ என்று யாராவது ஆசை காட்டினால் அந்த டூரே வேண்டாம்.

பவளத்துண்டையும் சிப்பியையும் கரையிலிருந்து பொறுக்கி வராதீர்கள். விமான நிலையச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் கால்கூட வைக்க வேண்டாம்.

கையோடு எடுத்துப்போக...

ஆதார் அட்டை, மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை, வழுக்காத ஷூ, கொசு விரட்டி, மழை கோட்டு, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் ரொக்கம். காட்டுக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. மொழி பற்றிக் கவலையே வேண்டாம், தமிழ் பேசுபவர்கள் அங்கே நிறைய பேர் இருக்கிறார்கள்.

ஊசுட்டேரியில் தொடங்கிய அந்தப் பறவை நோட்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். அந்தமான் பக்கங்கள் நிரம்பிய பிறகும் அதை மூடிவைக்க வேண்டாம். அடுத்த டிசம்பரில் ஊசுட்டேரிக்கு வாத்துகள் மறுபடி வரும்!