டைட்டானியமா, சிர்கோனியாவா? இம்பிளான்ட் திருகு பற்றிச் சில குறிப்புகள்

பல் இம்பிளான்ட் வைக்கலாம் என்று விசாரிக்கப் போனால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: "டைட்டானியமா, சிர்கோனியாவா?" முதலாவது உலோகம், இரண்டாவது வெள்ளைப் பீங்கான். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. திருமுல்லைவாயிலில் ஒரு கிளினிக்கில் கொடுத்த செலவுச் சீட்டில் "சிர்கோனியா" என்று மட்டும் போட்டிருந்தது. அதற்காகப் படித்ததன் சுருக்கம் இது. நான் பல் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆசாமி.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

இம்பிளான்ட்டில் மூன்று பாகங்கள். தாடை எலும்புக்குள் போகும் திருகு, அதன்மேல் பொருத்தும் அபட்மென்ட், அதற்கும் மேலே கேப். சீட்டில் சிர்கோனியா என்று இருந்தால் பெரும்பாலும் அது கேப்பைத்தான் சொல்கிறது, திருகு டைட்டானியமாகவே இருக்கும். அம்மாவின் சீட்டிலும் அதேதான். எனவே முதல் கேள்வி: "உள்ளே போகிற திருகு எதில் செய்தது?"

எலும்பு தொடுவது எதை?

1952-இல் ஸ்வீடனில் ப்ரோனெமார்க் என்ற ஆய்வாளர், ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். பிறகு கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்போடு எலும்பாக ஒட்டியிருந்தது. 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியத் திருகுகள் வைத்தார். அவர் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது வருடம், அவை வேலை செய்தன.

காரணம் சுவாரசியமானது. டைட்டானியத்தில் காற்று பட்டதுமே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். சுரண்டினாலும் உடனே திரும்ப வந்துவிடும். எலும்பு தொடுவது அந்தப் படலத்தைத்தான், உலோகத்தை இல்லை. சிர்கோனியாவும் ஓர் ஆக்சைடுதான், சிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. ஆக, எலும்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் பீங்கான் மாதிரிதான்!

இரண்டும் ஒரே மணலிலும் கிடைக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான் ஆகியவற்றைப் பிரிக்கிறது. முதல் இரண்டும் டைட்டானியத்தின் தாதுக்கள், மூன்றாவது சிர்கோனியாவின் தாது.

அப்போ வித்தியாசம் எங்கே?

மேல்பரப்புக்கு அடியில். தாடை எலும்பின் கெட்டியான பகுதியின் விறைப்பு சுமார் 10 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டானியம் சுமார் 110, சிர்கோனியா சுமார் 210. பலத்தில், தாளில் பார்த்தால், சிர்கோனியா பின்தங்கவில்லை. ஆனால் உலோகம் அதிகச் சுமையில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பீங்கான் வளையாது, சின்னக் கீறலிலிருந்து விரிசல் ஓடினால் உடைந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் சிர்கோனியாவில் இட்ரியா சேர்க்கிறார்கள். விரிசல் வரும் இடத்தில் படிக அமைப்பு மாறி, லேசாக உப்பி, விரிசலை இறுக்கிவிடும். அருமையான தந்திரம். ஆனால் அதே மாற்றம் ஈரத்தில் மெதுவாகத் தானாகவும் நடக்கலாம். 2001-இல் இடுப்பு மூட்டு மாற்றத்துக்கான சிர்கோனியா பந்துகள் சில உடலுக்குள்ளேயே உடைந்து, திரும்பப் பெறப்பட்டன. பொருள் அதேதான், சூளையை மாற்றியிருந்தார்கள். எங்கள் தொழிலில் சொன்னால், கோடு அதே, பில்ட் மெஷின் வேறு. பல் திருகு வேறு வடிவம், வேறு சுமை. ஆனாலும், பொருளின் பெயர் மட்டும் போதாது, யார் எப்படிச் செய்தார்கள் என்பதும் முக்கியம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

யாருக்கு எது?

சிர்கோனியா திருகு: வெள்ளை நிறம். ஈறு மெல்லியதாக இருந்தால், முன்பல்லில் சாம்பல் நிழல் தெரியாது. உலோகமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி. ஆனால் பல மாடல்களில் திருகும் அபட்மென்ட்டும் ஒரே துண்டு, பின்னால் கோணத்தைத் திருத்த முடியாது. நீண்டகால அனுபவமும் டைட்டானியம் அளவுக்கு இல்லை.

டைட்டானியம்: கடைவாய்ப் பல், இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம், இவற்றுக்கு இதுவே பழகிய வழி. "டைட்டானியம்-சிர்கோனியம்" என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது உலோகக் கலவை, பீங்கான் இல்லை.

அம்மா இரவில் பல் கடிப்பவர். டாக்டரிடம் பேசி, டைட்டானியத் திருகு, சிர்கோனியா கேப் என்று முடிவு செய்தோம். திருகு நிலைப்பதற்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு, புகை பிடிக்காமை, தினசரிச் சுத்தம் மூன்றும் எந்தப் பொருளானாலும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. திருகு வரும் பெட்டியில் கம்பெனி, மாடல், லாட் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஸ்க்ரூ தளர்ந்தால், எந்தச் சாவி பொருந்தும் என்று அங்கிருக்கும் டாக்டருக்கு அதுதான் சொல்லும்.